புதனுக்கு 28 டிகிரி, வெள்ளிக்கு 47 டிகிரி

வெறும் கண்ணுக்குத் தெரியும் ஐந்து கோள்களில் புதன்தான் எளிதில் அகப்படாதது என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே கேட்டு வருகிறோம். கோப்பர்நிக்கஸ் கடைசிவரை புதனைப் பார்க்கவே இல்லை என்ற கதையும் கூடவே வரும். கதை மெய்யோ பொய்யோ, அது கிளம்பியது வட ஐரோப்பாவில். அவர் வாழ்ந்த ஊர் 54 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. கொடைக்கானல் இருப்பது 10 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. ஊட்டியும் கோத்தகிரியும் பதினொன்றரைக்குச் சற்றுக் கீழே. அங்கே எழுதிய வாக்கியத்தை இங்கே உள்ள பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுப்பது சரியில்லை. பழனிமலையிலும் நீலகிரியிலும் இருப்பவர்களுக்குப் புதன் அப்படி ஒன்றும் அரிய பொருள் அல்ல. எந்த மாதம், எந்தத் திசை, எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் போதும். அதற்கு முதலில் இந்த இரண்டு கோள்களும் சூரியனை விட்டு ஏன் தூரம் போவதில்லை என்று பார்த்துவிடுவோம்.

செக்கு மாட்டைத் தள்ளி நின்று பார்த்தால், அது உரலுக்கு இடது பக்கம் கொஞ்சம் வரும், வலது பக்கம் கொஞ்சம் போகும். நம் முதுகுப் பக்கம் ஒருநாளும் வராது. புதனும் வெள்ளியும் சூரியனைச் சுற்றும் பாதைகள் பூமியின் பாதைக்கு உள்ளே அடங்கியவை. அதனால் அவை சூரியனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடுவது மட்டும்தான் நம் கண்ணில் படும். செவ்வாய், வியாழன், சனி அப்படி இல்லை. சூரியன் மேற்கே மறையும் வேளையில் அவை கிழக்கே உதிக்கலாம், நள்ளிரவில் உச்சியில் நிற்கலாம். நள்ளிரவில் உச்சி வானத்தில் வெள்ளியைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், அவர் பார்த்தது பெரும்பாலும் வியாழனாக இருக்கும்.

அந்த ஊசலின் எல்லையை ஒரு முக்கோணம் சொல்லிவிடும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 1 என்று வைத்துக்கொண்டால், வெள்ளி சூரியனிலிருந்து 0.72 தூரத்தில் சுற்றுகிறது. பூமியிலிருந்து வெள்ளியின் பாதையைத் தொட்டுச் செல்லும்படி ஒரு கோடு போடுங்கள். கோடு பாதையைத் தொடும் இடத்தில் செங்கோணம் உண்டாகும். அப்போது பூமியில் உள்ள கோணத்தின் சைன் மதிப்பு 0.72. கோணம் சுமார் 46 டிகிரி. பூமியின் பாதையும் வெள்ளியின் பாதையும் கச்சிதமான வட்டம் இல்லை என்பதால் இந்த எல்லை 45-க்குச் சற்று மேலிருந்து 47-க்குச் சற்று மேல்வரை மாறும். அவ்வளவுதான் வித்தியாசம்.

புதன் கதை வேறு. அதன் பாதை நன்றாகவே நீண்ட நீள்வட்டம். சூரியனுக்கு நெருங்கி வரும்போது தூரம் 0.31, விலகிப் போகும்போது 0.47. அதனால் ஒரு சுற்றில் சூரியனை விட்டு அது தள்ளித் தெரியும் கோணம், அதாவது விலகல், அதிகபட்சம் 18 டிகிரியோடு நின்றுவிடும், இன்னொரு சுற்றில் ஏறக்குறைய 28 டிகிரியைத் தொடும். கையை முழுக்க நீட்டி முட்டியை மடக்கினால் முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. புதன் சூரியனை விட்டு இரண்டு முட்டியோ, அதிகம் போனால் மூன்றுக்குச் சற்றுக் குறைவாகவோதான் விலகும். வெள்ளி நாலரை முட்டிவரை வரும்.

இதைச் சரிபார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். வீட்டில் இருக்கும் ஜாதக நோட்டைத் திறந்தாலே தெரியும். ஒரு ராசிக் கட்டம் 30 டிகிரி. புதன் 28-ஐத் தாண்டாது. ஆகவே எந்த ஜாதகத்திலும் புதன் சூரியன் இருக்கும் கட்டத்தில் இருக்கும், இல்லையென்றால் பக்கத்துக் கட்டத்தில். சுக்கிரன் அதிகபட்சம் இரண்டு கட்டம் தள்ளி. சூரியன் மேஷத்தில் இருக்க, புதன் துலாத்தில் இருப்பதாக ஒரு ஜாதகம் வந்தால் கணித்தவர் எங்கோ தவறியிருக்கிறார். சூரியனும் புதனும் ஒரே கட்டத்தில் சேரும் புதாதித்ய யோகம் இத்தனை பேருக்கு இருப்பதற்கும் இதுவே காரணம். புதன் சூரியனைவிட்டுப் போக வழியே இல்லை. பலன் சொல்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால் வானத்தை உற்றுப் பார்த்த கண்கள் இருந்தன என்பதில் சந்தேகமே இல்லை. சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் சுக்கிரன் கண்ணுக்கு மறையும் எல்லையாக 10 டிகிரியைச் சொல்கிறது, வக்கிரத்தில், அதாவது கோள் பின்னோக்கி நகர்வதுபோலத் தெரியும் காலத்தில், 8. புதனுக்கு 14, வக்கிரத்தில் 12. வக்கிர காலத்தில் கோள் நமக்கு அருகில் இருப்பதால் பெரிதாகத் தெரியும், அதனால் எல்லை குறைகிறது என்பது அதன் நியாயம். வெள்ளிக்கு இது பொருந்தும். புதனுக்குப் பொருந்தாது. வக்கிரத்தில் புதன் மெல்லிய பிறையாகி மிகவும் மங்கிவிடும், சூரியனுக்கு அப்பால் இருக்கும்போதுதான் பளிச்சென்று இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விலகல் கோணம் மட்டும் தெரிந்தால் கோள் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வெள்ளி சூரியனிலிருந்து 20 டிகிரி தள்ளித் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சூரியனுக்கு அப்பால் இருக்கலாம், நமக்கும் சூரியனுக்கும் இடையிலும் இருக்கலாம். கோணம் ஒன்றுதான். அப்பால் இருந்தால் சிறிய, ஏறக்குறைய முழு வட்டம். இப்பால் இருந்தால் பெரிய, மெல்லிய பிறை. அதிகபட்ச விலகலில் பாதி நிலவு போலத் தெரியும். பைனாகுலரைக் கம்பத்திலோ சுவரிலோ சாய்த்துப் பிடித்தால் வெள்ளியின் பிறையைப் பார்த்துவிடலாம்.

ஊசல் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஆடுவதும் இல்லை. 2026 ஜனவரி 6-ல் வெள்ளி சூரியனுக்கு நேர் பின்னால். அங்கிருந்து மாலை வானத்தில் மெதுவாக ஏறி, ஆகஸ்ட் 15-ல் 45.9 டிகிரி என்ற உச்ச விலகலைத் தொடுகிறது. ஏழு மாதத்துக்கு மேல். அப்புறம் ஒரே இறக்கம். அக்டோபர் 24-ல் சூரியனுக்கு முன்னால் வந்துவிடுகிறது, வெறும் பத்து வாரம். அடுத்த பத்து வாரத்தில், 2027 ஜனவரி 3-ல், விடிவெள்ளியாக 47 டிகிரி. தொடுகோட்டுக்கு இப்பால் இருக்கும் வில் சின்னது, அப்பால் இருப்பது பெரியது என்பதுதான் காரணம். பல மாதம் மாலையில் நின்ற வெள்ளி திடீரென்று காணாமல் போய், சில நாளில் விடியலில் முளைப்பதும் இதனால்தான். வெள்ளி அதிகமாக ஒளிர்வது உச்ச விலகலன்று அல்ல. அதற்கும், அக்டோபரில் சூரியனுக்கு முன்னால் வரும் நாளுக்கும் நடுவில், விலகல் 40 டிகிரிக்குச் சற்றுக் குறைந்திருக்கும்போது. அப்போது பிறை மெலிந்தாலும், அருகில் வருவதால் பரப்பு கூடுகிறது.

இந்த "ஒரே கோணம், இரண்டு இடம்" சங்கதியைக் கொடைக்கானலில் ஒருவர் அழகாகப் பயன்படுத்தினார். 1876-77 பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனை நன்றாக ஆராய்ந்தால் மழையைப் புரிந்துகொள்ளலாம் என்ற எண்ணம் வலுத்தது. நீலகிரி, பழனிமலை இரண்டையும் பார்த்துவிட்டுக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னை வானாய்வகத்தின் பணி 1899-ல் அங்கே மாறியது. அங்கே பணியாற்றிய ஜான் எவர்ஷெட் 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு ஓரம் நோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தவர். சூரிய ஒளியின் நிறமாலைக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து மிகச் சிறிதளவு நகர்ந்திருப்பது அவரை உறுத்தியது. பூமியை நோக்கிய முகத்தில் மட்டும்தான் இப்படியா, சூரியனைச் சுற்றிலும் இப்படித்தானா? மறுபக்கத்தைப் பார்க்க அந்தக் காலத்தில் விண்கலம் ஏது? அவர் வெள்ளியின் ஒளியை எடுத்து ஆராய்ந்தார். வெள்ளி சூரியனுக்கு அப்பால் 20 டிகிரி விலகலில் இருக்கும்போது, அதன்மேல் விழும் ஒளி, நாம் பார்க்கும் முகத்திலிருந்து சுமார் 130 டிகிரி திரும்பிய முகத்தின் ஒளி. அது வெள்ளியில் பட்டுத் திரும்பி நம்மிடம் வருகிறது. அதே 20 டிகிரியில் இப்பால் இருந்தால் வித்தியாசம் வெறும் 8 டிகிரி, ஆய்வுக்குப் பயன்படாது. அந்த நகர்வில் ஐன்ஸ்டைன் சொன்ன ஈர்ப்பு விளைவுக்குப் பங்கு உண்டு என்பது பிறகு தெளிவானது.

நீலகிரியில் இதே முக்கோணம் இன்னொரு வேலை செய்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் எழுந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகையும் மலைச்சரிவின் சாய்வும் ஒன்றாக, ஏறக்குறைய 11 டிகிரியாக இருக்கும்படி தேடிப் பிடித்து அமைத்தார்கள். அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. வெகு தொலைவில் உள்ள ரேடியோ மூலங்களின் அலைகள், சூரியனிலிருந்து வெளியேறும் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்றின் ஊடே வரும்போது மினுங்கும். அந்த மினுக்கத்திலிருந்து சூரியக் காற்றின் வேகத்தைக் கணக்கிடுவார்கள். எந்த இடத்துக் காற்று? மூலம் சூரியனிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், அந்தக் கோணத்தின் சைன்தான் பார்வைக்கோடு சூரியனுக்கு மிக நெருங்கும் தூரம். 18 டிகிரி என்றால் 0.31, 28 என்றால் 0.47. புதனின் நெருங்கிய எல்லையும் விலகிய எல்லையும் அப்படியே வந்து நிற்கின்றன. நாம் தூரத்திலிருந்து கோணத்துக்குப் போனோம், அவர்கள் கோணத்திலிருந்து தூரத்துக்கு வருகிறார்கள்.

சரி, புதனுக்கு வருவோம். பாடப்புத்தகம் விட்டுவிடுகிற இடம் இங்கேதான் இருக்கிறது. விலகல் என்பது சூரியனுக்கும் கோளுக்கும் நடுவில் உள்ள கோணம். அது அடிவானத்துக்கு மேல் உள்ள உயரம் ஆகாது. கோள்கள் எல்லாம் வானத்தில் சூரியன் போகும் பாதையை ஒட்டியே நகர்கின்றன. அந்தப் பாதை அடிவானத்தில் செங்குத்தாக நின்றால், விலகல் முழுவதும் உயரமாகிவிடும். படுத்துக் கிடந்தால், 28 டிகிரி விலகி என்ன பயன்? கோள் அடிவானத்தை ஒட்டிப் பக்கவாட்டில் தள்ளி நிற்கும், சூரியனோடு சேர்ந்தே உதிக்கும்.

கொடைக்கானலில் அந்தப் பாதை எந்த மாதத்திலும், எந்த வேளையிலும் 56 டிகிரிக்குக் குறைவாகச் சாய்வதில்லை. மிக மோசமான நாளிலும் விலகலில் ஆறில் ஐந்து பங்கு உயரமாகக் கிடைக்கும். லண்டனில் அது 15 டிகிரிவரை படுத்துவிடும். நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும். 2026-ல் புதனின் இரண்டு உச்ச விலகல்களை எடுத்துக்கொள்கிறேன். பிப்ரவரி 19 மாலை, 18.1 டிகிரி. ஏப்ரல் 3 விடியல், 27.8 டிகிரி. சூரியனும் புதனும் அன்று வானத்தில் இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டேன். பிப்ரவரி மாலையில் லண்டனில் புதன் சூரியனுக்குப் பிறகு சுமார் 1 மணி 45 நிமிடம் நிற்கும். கொடைக்கானலில் 1 மணி 10 நிமிடம். ஏப்ரல் விடியலில் லண்டனில் புதன் உதித்து அரை மணிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சூரியன் வந்துவிடும். வானம் வெளுத்த பிறகு வரும் கோளை யார் பார்ப்பது? அதே நாள் கொடைக்கானலில் சூரியனுக்கு ஒன்றரை மணி முன்னால் புதன் உதித்துவிடும். பத்து டிகிரி அதிகமாக விலகியும் லண்டன்காரருக்கு அது பயன்படவில்லை. நமக்கு முழுசாகப் பயன்படுகிறது.

இது ஒரு வருடத்துத் தற்செயல் அல்ல. புதனின் நீள்வட்டம் விண்வெளியில் ஏறக்குறைய ஒரே திசையைப் பார்த்து நிற்கிறது. அதன் நீண்ட முனை பக்கவாட்டில் தெரியும் இடத்துக்குப் பூமி ஆண்டுதோறும் அதே மாதங்களில்தான் வரும். அதனால் 27, 28 டிகிரி விலகல்கள் விடியலில் என்றால் மார்ச், ஏப்ரல் வாக்கில், மாலையில் என்றால் ஆகஸ்ட் வாக்கில் விழுகின்றன. வடக்கே உயரத்தில் உள்ள நாடுகளில் சூரியப்பாதை படுத்துக் கிடப்பதும் சரியாக அதே வேளைகளில்தான். வட ஐரோப்பாக்காரர்களுக்குப் புதனின் பெரிய விலகல்கள் எல்லாம் வீணாகிப் போவதற்கு இந்தப் பொருத்தமே காரணம். புதன் அரிது என்ற பேச்சு அங்கே பிறந்ததில் ஆச்சரியம் இல்லை. தென்கோளத்தில் இருப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள், தென்தமிழ்நாட்டு மலையில் இருப்பவர்களும் சொல்லத் தேவையில்லை.

இரண்டு வேளைகளில் மலைக்குத் தோதானது விடியல்தான். ஆகஸ்ட் மாலையில் நீலகிரி மேகத்துக்குள் இருக்கும். 2023 ஆகஸ்ட் 10-ல் 27.4 டிகிரி விலகல் வந்தது. கூடலூர், நடுவட்டம் பக்கம் அந்த மாதம் மேற்கு வானத்தைப் பார்க்க முடிந்தால் அதிர்ஷ்டம். ஏப்ரலில் மழை வந்தாலும் பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல் வந்துவிட்டுப் போகும், விடியற்காலை தெளிந்திருக்கும். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில், காற்றின் ஐந்தில் ஒரு பங்கும் சமவெளித் தூசியில் பெரும்பகுதியும் நமக்குக் கீழே போய்விடுகின்றன. அடிவானத்துக்கு ஐந்தாறு டிகிரி மேலே இருக்கும் ஒரு புள்ளிக்கு இது பெரிய லாபம்.

ஆனால் மலையில் இருந்தால் மட்டும் போதாது, மலையின் கிழக்கு விளிம்பில் இருக்க வேண்டும். ஊட்டி நகரம் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. சுற்றியுள்ள மேடுகள் அடிவானத்தில் முதல் சில டிகிரிகளை விழுங்கிவிடும். கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் வழியில் கிழக்குச் சரிவுகள் திறந்து கிடக்கின்றன. விளிம்பிலிருந்து சமவெளியை நோக்கினால் அடிவானமே ஒரு டிகிரிக்கு மேல் கீழே இறங்கியிருக்கும். கொடைக்கானலிலும் சமவெளியைப் பார்த்த கிழக்குப் பக்கத்து வீடுகளுக்கு மொட்டை மாடியே போதும். அங்கும் கோத்தகிரியிலும் காட்டெருமை நடமாட்டம் உண்டு, கோத்தகிரியில் கரடியும் உண்டு. ஆகவே இருட்டில் காட்சிமுனைகளைத் தேடிப் போவதைவிட மாடியில் நிற்பதே மேல். கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் பிடுங்குகிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடுச்சாமத்திலேயே வயலில் இறங்கிவிடுகிறார்கள், மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச்சேர வேண்டுமே. விடிவெள்ளி அவர்களுக்குப் பழக்கமான முகம். அதே திசையில், இன்னும் கீழே, கொஞ்சம் மங்கலாகத் தெரியும் புள்ளி புதன் என்று சொல்லிக் காட்டினால் போதும்.

நேரத்தைப் பார்ப்போம். கொடைக்கானல், இந்திய நேரத்தின் ஆதாரமான 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு 5 டிகிரி மேற்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். அதனால் நம் கடிகாரம் அங்கே உள்ள சூரியனைவிட 20 நிமிடம் முந்தி ஓடுகிறது. ஏப்ரல் தொடக்கத்தில் சூரிய உதயம் 6.15 வாக்கில். புதன் 4.45 வாக்கில் எழும். ஐந்தேகாலிலிருந்து ஐந்தே முக்கால்வரை நல்ல நேரம். ஐந்தரைக்குப் புதன் ஒரு முட்டி உயரத்துக்கு வந்திருக்கும், சூரியன் உதிக்கப் போகும் இடத்துக்குச் சற்று வலப்பக்கம் மேலே. நட்சத்திரம் போல மினுங்காமல் நின்று ஒளிர்வதை வைத்துக் கண்டுபிடிக்கலாம், ஆனால் அவ்வளவு தாழ்வில் கோளும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.

உச்ச விலகல் தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். விடியல் தோற்றத்தில் புதன் முதலில் மெல்லிய மங்கிய பிறை, நாள் ஆக ஆக முழு வட்டத்தை நோக்கி வளர்ந்து ஒளி கூடும். ஆகவே உச்சத்துக்கு ஒரு வாரம் கழித்துப் பார்ப்பவருக்கு, உயரம் சிறிது குறைந்தாலும், இன்னும் எளிதாகத் தெரியும். மாலைத் தோற்றத்தில் இது தலைகீழ். உச்சத்துக்கு முந்தைய வாரம்தான் நல்லது. சூரியன் உதிக்கும் நேரம் நெருங்கிவிட்டால் பைனாகுலரைக் கீழே வைத்துவிடுங்கள், அதன் வழியே ஒரு நொடி சூரியனைப் பார்த்தாலும் கண் போய்விடும்.

சூரியனுக்கு ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி மீண்டும் அதே நிலைக்கு வரப் புதனுக்குச் சராசரியாக 116 நாள். மூன்று சுற்றுக்கு 348 நாள். அதனால் அடுத்த வருடம் அதே தோற்றம் பதினேழு நாள் முன்னதாக வரும். 2025-ல் ஏப்ரல் 21, 2026-ல் ஏப்ரல் 3, 2027-ல் மார்ச் நடுவில். மூன்றும் 27 டிகிரிக்கு மேல். பள்ளி ஆசிரியர்கள் நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை இந்தத் தேதிகளும் அவற்றை ஒட்டிய இரண்டு வாரமும்.